மலையிறங்கும் நீர் – 12: லிந்துலை மழைக்கு யார் கணக்கு எழுதுவது?

சென்ற அத்தியாயத்தில் லக்ஷபானவில் நின்றோம். பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இல் பொறியியலாளர் சங்கத்தின் முன் வாசித்த கட்டுரை, முப்பது ஆண்டுகளுக்கும் மேலான இழுபறிக்குப் பிறகு 1950இல் மின்சாரமான கதை அது. அங்கே ஓடியது களனி கங்கையின் நீர். இனி நீர்பிரி மலைத்தொடரைத் தாண்டி மறுபக்கம் இறங்குவோம். மகாவலியின் தலைமாடு இங்கேதான் இருக்கிறது. அந்தத் தலைமாட்டின் நடுவில் இருக்கிறது லிந்துலை.

ஹோர்ட்டன் சமவெளியின் உயரங்களில் ஊறும் நீர் ஆக்ரா ஓயாவாக அக்கரபத்தனைத் தோட்டங்களைக் கடந்து வருகிறது. நுவரெலியா நகரின் கிரகரி வாவியிலிருந்து வழியும் நீர் நானு ஓயாவாக இறங்குகிறது. இவ்விரண்டும் லிந்துலை மலைகளின் எண்ணற்ற ஓடைகளையும் சேர்த்துக்கொண்டு தலவாக்கலையை நெருங்கும்போது கொத்மலை ஓயா ஆகின்றன. கலிடோனியா, ஹோலிரூட், லோகி, மட்டக்கலை, பம்பரக்கலை, ராதெல்ல என்று நாம் சொல்லும் தோட்டங்களின் மழை முழுவதும் இந்த ஆற்றுக்கே போய்ச் சேருகிறது.

அதன் பிறகு அந்த நீருக்கு ஓய்வே இல்லை. தலவாக்கலை அணையில் மறிக்கப்பட்டு, சுரங்கத்தில் இறங்கி, மேல் கொத்மலை நிலையத்தின் சுழலிகளைச் சுற்றுகிறது. பின் கொத்மலை நீர்த்தேக்கத்தில் தங்கி அங்கும் மின்சாரம் தருகிறது. மகாவலியில் சேர்ந்து, கண்டிக்கு அருகே பொல்கொல்லவில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு பங்கு உக்குவெல, போவதென்ன வழியாக வடமத்திய வயல்களுக்குப் போகிறது. மறு பங்கு விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தெம்பே ஆகிய மூன்று நிலையங்களையும் இயக்கிவிட்டுக் கிழக்கே இறங்குகிறது. லிந்துலையில் பெய்த ஒரே மழை, கடலைக் காணுமுன் ஐந்து மின் நிலையங்களில் வேலை செய்யக்கூடும். ஆயிரக்கணக்கான ஏக்கர் நெல்லையும் விளைவிக்கக்கூடும்.

இத்தனை பேர் உரிமை கோரும் நீருக்குக் கணக்கு எழுதுவது எளிதல்ல. ஓர் அணையை, ஒரு வயலை, ஒரு நகரைத் தனித்தனியே பார்க்காமல், ஒன்றில் கை வைத்தால் மற்றொன்றில் என்ன நேரும் என்பதை எல்லாம் சேர்த்து ஒரே கணக்காகப் போடும் முறைக்கு முறைமைப் பகுப்பாய்வு என்று பெயர். இந்தப் பள்ளத்தாக்கின் ஒன்றரை நூற்றாண்டு வரலாற்றில் அப்படிப்பட்ட கணக்கு பலமுறை எழுதப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் எழுதியவர்கள் ஓர் எல்லைக்கோட்டைப் போட்டார்கள். கோட்டுக்கு உள்ளே எது, வெளியே எது, யார் என்பதுதான் இந்த அத்தியாயத்தின் கேள்வி.

1873: ஐயாயிரம் அடிக்கோடு

லிந்துலை அடங்கிய திம்புலைப் பள்ளத்தாக்கின் காடுகள் கோப்பிக்காகவே முதலில் வெட்டப்பட்டன. 1869இல் இலங்கையில் தென்பட்ட கோப்பி இலைத்துரு நோய் அந்தப் பயிரை மெல்ல மெல்லக் கொன்றது. தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. 1885இல் ரயில் பாதை நானு ஓயாவை எட்டியபோது, லிந்துலையைச் சுற்றிய மலைகள் பெரும்பாலும் மொட்டையாகித் தேயிலைக்கு மாறிக்கொண்டிருந்தன.

அந்த வேகத்துக்கு ஒரே ஒரு தடை போடப்பட்டது. 1873இல் கியூ தாவரவியல் பூங்காவின் தலைவர் ஜோசப் ஹூக்கர், ஐயாயிரம் அடிக்கு மேலுள்ள மலைக்காடுகளைத் தொடாமல் விட வேண்டும் என்று ஆலோசனை சொன்னார். அதையொட்டி அந்த உயரத்துக்கு மேல் காடழிப்பு தடுக்கப்பட்டது. ஆற்றின் பிறப்பிடத்தையும் கீழ்நாட்டின் நீரையும் ஒன்றாக வைத்துப் பார்த்த முதல் அரச முடிவு என்று இதைச் சொல்லலாம். ஹோர்ட்டன் சமவெளி இன்று காடாகவும் புல்வெளியாகவும் நிற்பதற்கு அந்தக் கோடும் ஒரு காரணம்.

ஆனால் கோட்டுக்குக் கீழே என்ன நடக்கும் என்று அந்தக் கணக்கு கேட்கவில்லை. காடு போன சரிவில் மழை நேராக மண்ணை அடித்தது. மண் ஆற்றில் கலந்தது. அந்த மண்ணைத் தடுத்து நிறுத்திய வேலை தோட்டத் தொழிலாளர்களின் தோளில் விழுந்தது. சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டுவது, வெட்டிய கானில் சேரும் வண்டலை அள்ளி மேலே போடுவது, கல் அணை கட்டுவது எல்லாம் ஒவ்வொரு தோட்டத்திலும் அன்றாட வேலைகள். கொழுந்து பறித்தல் உலகறிந்தது. கான் வேலையை உலகம் அறியாது. இருந்தும் இம்மலைகளின் மண் இன்னும் மலைகளிலேயே தங்கியிருப்பதற்கு, ஆண்கள் மண்வெட்டியோடு மழையில் நின்று வெட்டிய அந்தக் கான்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

1931இல் மண்ணரிப்புப் பற்றிய அரச குழு அறிக்கை வந்தது. 1951இல் மண் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. சரிவின் மண்ணும் ஆற்றின் நீரும் ஒரே விடயம் என்பதை அரசு சட்டமாக ஒப்புக்கொள்ள, ஹூக்கர் சொல்லிச் சென்ற பின் முக்கால் நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது.

வாவியிலிருந்து வந்த வெளிச்சம்

ஹூக்கர் ஆலோசனை சொன்ன அதே 1873இல்தான் நுவரெலியாவில் ஆளுநர் வில்லியம் கிரகரியின் பெயரால் வாவி அமைக்கப்பட்டது. அது பொழுதுபோக்குக்காக வெட்டப்பட்டது. நாற்பது ஆண்டு கழித்து அந்த வாவியின் நீரே மின்சாரமாயிற்று. நுவரெலியாவுக்கும் நானு ஓயாவுக்கும் இடையே பிளாக்பூலில் சிறிய நீர்மின் நிலையம் ஒன்று எழுந்தது. அதை நிறுவுவதில் முன்நின்றவர் விமலசுரேந்திர. லக்ஷபானவை அவர் கனவு கண்டதற்கு முன்னோட்டம் நானு ஓயாவின் நீரில் நடந்தது என்பதை லிந்துலையில் இருப்பவர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

அதே காலத்தில் மலைநாட்டின் தோட்டங்களில் நூற்றுக்கணக்கான சிறு நீர்ச்சுழலிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஓடையை வாய்க்காலாகத் திருப்பி, குழாயில் இறக்கி, தேயிலை ஸ்டோரின் உருளைகளை ஓட்டினார்கள். வேலை முடிந்த நீர் அதே ஓடையில் திரும்பவும் சேர்ந்தது. தேசிய மின்வலையின் கம்பிகள் தோட்டங்களை எட்டியதும், 1972, 1975 காணிச் சீர்திருத்தச் சட்டங்களில் தோட்டங்கள் அரசுடைமையானதும், இவற்றில் பெரும்பாலானவை துருப்பிடித்துக் கைவிடப்பட்டன. ஊரின் நீரை ஊரிலேயே பயன்படுத்திய ஒரு சிறிய ஏற்பாடு இப்படி மறைந்தது. பெரிய ஏற்பாடு அதற்குள் வந்துவிட்டிருந்தது.

1968: எழுத்துகளாய்ப் பிரிந்த நாடு

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஆர்தர் மாஸ் முதலியோர் 1955இல் ஒரு நீர் ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கினார்கள். பொறியியலாளரும் பொருளியலாளரும் அரசியல் அறிஞரும் ஒரே மேசையில் அமர்ந்து, ஆற்றுப்படுகை முழுவதையும் கணினியில் ஏற்றிப் பார்த்தார்கள். 1962இல் அவர்கள் வெளியிட்ட நூல் உலகெங்கும் நீர்த்திட்டக்காரர்களின் பாடநூலாயிற்று. அணையின் உயரம் எவ்வளவு, எப்போது நீரைத் திறப்பது, மின்சாரத்துக்கும் பாசனத்துக்கும் எவ்வளவு பங்கு என்ற கேள்விகளுக்குச் சேர்த்து விடை தேடும் முறை அங்கேதான் துலங்கியது.

அந்தக் காலத்தின் சிந்தனை இலங்கைக்கும் வந்தது. ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டமும் உணவு விவசாய அமைப்பும் 1965 முதல் 1968 வரை ஆராய்ந்து மகாவலிப் பெருந்திட்டத்தை வகுத்தன. முப்பது ஆண்டுகளில் 9 இலட்சம் ஏக்கருக்குப் பாசனம், அதோடு நீர்மின்சாரம் என்பது அதன் நோக்கம். உலர்வலய நிலங்கள் ஆங்கில எழுத்துகளால் பெயரிட்ட முறைமைகளாகப் பிரிக்கப்பட்டன. சிஸ்டம் எச், சிஸ்டம் சி, சிஸ்டம் பி என்று அந்த ஊர்களின் மக்கள் இன்றும் தங்கள் முகவரியைச் சொல்கிறார்கள். 1977இல் வந்த அரசு முப்பதாண்டுத் திட்டத்தை ஆறு ஆண்டுகளுக்குள் சுருக்கியது. 1979இல் மகாவலி அதிகாரசபை உருவானது. கொத்மலையும் விக்டோரியாவும் 1985இல் இயங்கத் தொடங்கின.

இந்தத் திட்டத்தின் உள்ளே ஓயாத ஓர் இழுபறி உண்டு. அது நடக்கும் இடம் பொல்கொல்ல. 1976இல் அங்கே திசைதிருப்பல் தொடங்கியது. வடமத்திய மாகாணத்துக்குத் திரும்பும் நீர் நெல்லை விளைவிக்கும். ஆனால் வழியில் சந்திப்பது உக்குவெல, போவதென்ன ஆகிய இரண்டு சிறிய நிலையங்களை மட்டுமே. ஒவ்வொன்றும் 40 மெகாவாட் அளவிலானது. திரும்பாமல் ஆற்றிலேயே விட்டால் 210 மெகாவாட் விக்டோரியா அந்த நீரைப் பெறும். அதற்குக் கீழே இன்னும் இரண்டு நிலையங்கள் காத்திருக்கின்றன. ஆக, பொல்கொல்லவில் திருப்பப்படும் ஒவ்வொரு கன மீட்டரும் மின்சாரத்தில் இழப்பு, நெல்லில் ஆதாயம்.

ஒவ்வொரு பெரும்போகத்துக்கும் சிறுபோகத்துக்கும் முன் மகாவலி அதிகாரசபையின் நீர் முகாமைத்துவச் செயலகம் இந்தக் கணக்கைப் போடுகிறது. நீர்த்தேக்கங்களின் மட்டம், எதிர்பார்க்கும் மழை, விவசாயிகள் கேட்கும் நீர், மின் நிலையங்கள் கேட்கும் நீர் எல்லாம் அதில் ஏறுகின்றன. நாட்டின் மிகச் சிறந்த முறைமைக் கணக்குகளில் ஒன்று இது. எத்தனையோ பஞ்சங்களையும் மின்வெட்டுகளையும் இது தடுத்திருக்கும்.

ஆனால் அந்தக் கணக்கின் முதல் வரி 'நீர்த்தேக்கத்துக்குள் வரும் நீர்' என்று தொடங்குகிறது. அந்த நீர் எங்கே ஊறியது, எந்தச் சரிவு அதைப் பிடித்து வைத்தது, அந்தச் சரிவில் யார் வாழ்கிறார்கள் என்பது அந்த வரிக்கு வெளியே நின்றுவிட்டது. மகாவலியின் பயன்களைப் பங்கிட்டபோதும் அதே கோடுதான். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட மலையகத் தமிழருக்குக் குடியேற்றக் காணியில் பங்கு இல்லை. உயர் அழுத்தக் கம்பிகள் மலைகளைத் தாண்டி நகரங்களுக்குப் போயின. அந்தக் கம்பிகளின் கீழிருந்த தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களில் நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. ஆற்றின் தலைமாட்டில் வாழ்ந்தவர்கள் அதுவரை ஆற்றின் கணக்கில் இடம்பெறவில்லை.

மேல் கொத்மலை: கோட்டை மாற்றிய மக்கள்

அந்த வரலாறு லிந்துலையின் வாசலுக்கே வந்தது 1980களில். கொத்மலை அணைக்கு மேலே இன்னும் பெரிய உயரச் சரிவு வீணாகிறது என்று பொறியியலாளர்கள் கண்டார்கள். ஜப்பானின் ஜைக்கா நிறுவனம் நடத்திய சாத்திய ஆய்வு 1987இல் முடிந்தது. அதில் ஆராயப்பட்ட யோசனைகளில் ஒன்று லிந்துலைக்குப் பக்கத்தில் கலிடோனியாவில் பெரிய நீர்த்தேக்கம் கட்டுவது. மழைக்காலத்து நீரைச் சேர்த்து வைத்துக் கோடையில் பயன்படுத்தலாம் என்பதால் மின்சாரக் கணக்கில் அது கவர்ச்சியான யோசனை. ஆனால் தேயிலை நிலமும் லயங்களும் பெரிய அளவில் மூழ்கியிருக்கும். பெயர வேண்டிய குடும்பங்களின் கணக்கை வைத்துப் பார்த்ததும் அந்த யோசனை பின்தள்ளப்பட்டது. கலிடோனியா இன்று தோட்டமாக நிற்பது அதனால்தான்.

மிஞ்சியது தலவாக்கலைத் திட்டம். சிறிய அணை, நீண்ட சுரங்கம், நிலத்தடி மின் நிலையம். ஆனால் இதிலும் நீர்வீழ்ச்சிகள் பாதிக்கப்படும். தலவாக்கலைக்குக் கீழே எண்பது மீட்டர் உயரத்தில் அகன்று விழும் செயின்ட் கிளேயர் அருவி நேரடியாக நீரை இழக்கும். பிரதான ஆற்றோடு நிற்காமல் கிளை ஓடைகளிலிருந்தும் நீரைச் சுரங்கத்துக்குள் சேர்க்கும் யோசனை இருந்ததால் டெவன், பூண்டுலோயா, றம்பொடை அருவிகளும் பேச்சில் அடிபட்டன.

அப்போது நாட்டில் ஒரு புதிய சட்டம் கைக்கு வந்திருந்தது. 1980ஆம் ஆண்டுத் தேசிய சுற்றாடல் சட்டம் 1988இல் திருத்தப்பட்டு, பெரிய திட்டங்கள் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டைக் கடக்க வேண்டும் என்றாயிற்று. மாற்று வழிகளையும் ஆராய்ந்து காட்ட வேண்டும். பொதுமக்கள் அறிக்கையைப் படித்துக் கருத்துச் சொல்லலாம். அணை கட்டலாமா என்ற கேள்வியை நிபுணர் அறையிலிருந்து வெளியே கொண்டுவந்தது இந்தச் சட்டம். மேல் கொத்மலை அதன் முதல் பெரிய சோதனைகளில் ஒன்று. 1994இல் தயாரான மதிப்பீட்டு அறிக்கையை மத்திய சுற்றாடல் அதிகாரசபை ஏற்க மறுத்தது. மாற்று வழிகள் போதிய அளவு ஆராயப்படவில்லை என்பது முக்கியக் குறை. மின்சார சபை அமைச்சுக்கு மேன்முறையீடு செய்தது. சுற்றாடல் அமைப்புகள் நீதிமன்றம் போயின. இறுதியில் 1998இல் நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்தது.

மலையகத்திலோ போராட்டம் அதோடு முடியவில்லை. தலவாக்கலையில் பிறந்து வளர்ந்த பெ. சந்திரசேகரனின் மலையக மக்கள் முன்னணியும், ஆறுமுகன் தொண்டமான் தலைமையிலான இலங்கைத் தொழிலாளர் காங்கிரசும் திட்டத்தை எதிர்த்தன. வேறு பல விடயங்களில் எதிரெதிராக நின்ற இரு அணிகளும் இதில் ஒரே பக்கம் நின்றன. வீடு போகும், வேலை போகும், மலை சரியும், அருவி வற்றும் என்பது மக்களின் அச்சம். மண்சரிவைக் கண்ணால் கண்டவர்கள், சுரங்கம் என்ற சொல்லைக் கேட்டு அஞ்சியதில் அர்த்தம் இருந்தது.

மறுபக்கம் நாட்டின் நெருக்கடியும் உண்மையானது. இலங்கையின் மின்சாரம் தொண்ணூறுகளின் நடுப்பகுதி வரை பெரும்பாலும் நீரையே நம்பியிருந்தது. 1996இல் மழை பொய்த்தபோது நாடு மணிக்கணக்கில் இருளில் கிடந்தது. 2001, 2002இலும் மின்வெட்டு வந்தது. புதிய நிலையம் கட்டாமல் இருக்க முடியாது. மேல் கொத்மலையைத் தள்ளிப்போட்டால் அந்த இடத்தை எரிநெய்யும் நிலக்கரியும் நிரப்பும். இரு பக்கமும் நியாயம் இருந்த வழக்கு இது.

2002இல் ஜப்பான் 3,300 கோடி யென்னுக்கு மேல் கடன் தர ஒப்பந்தமானது. 2006இல் கட்டுமானம் தொடங்கியது. 2012 ஜூலையில் நிலையம் திறந்து வைக்கப்பட்டது. அதற்குள் திட்டம் வரைபடத்தில் இருந்ததைவிட வெகுவாக மாறியிருந்தது. கிளை ஓடைகளின் நீரை எடுக்கும் யோசனை கைவிடப்பட்டது. செயின்ட் கிளேயர் அருவியில் பகலில் 10½ மணி நேரம் நீர் விழ விட வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. ஏறத்தாழ 500 குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. அவர்களுக்குப் புதிய வீடுகள் கட்டித் தரப்பட்டன.

இந்த மாற்றங்களால் மின்சாரம் குறைந்தது உண்மைதான். ஆயினும் மலை மக்கள் எழுந்து நின்று கேட்டதாலும் சட்டம் அவர்களுக்குக் கதவு திறந்ததாலும், முதல் முறையாக இந்த ஆற்றின் கணக்கில் அருவிக்கும் லயத்துக்கும் ஒரு வரி கிடைத்தது. கணக்கு சுருங்கவில்லை, நிறைந்தது.

ஆறு மணி நேர நீர்

இனி அணையை உற்றுப் பார்ப்போம். தலவாக்கலை அணையின் உயரம் 35.5 மீட்டர், நீளம் 180 மீட்டர். அதன் பின்னால் தேங்கும் நீர் 8 இலட்சம் கன மீட்டர். கீழேயுள்ள கொத்மலைத் தேக்கத்தின் 17.4 கோடி கன மீட்டரோடு வைத்துப் பார்த்தால், இது இருநூறில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் 12.9 கிலோமீட்டர் சுரங்கத்தில் இறங்கி 470 மீட்டருக்கு மேல் விழுவதால், அதே நீர் 150 மெகாவாட் ஆற்றலைத் தருகிறது. முழு வேகத்தில் நிலையம் ஓடும்போது நொடிக்கு ஏறத்தாழ 37 கன மீட்டர் நீர் தேவை.

எட்டு இலட்சத்தை முப்பத்தேழால் வகுத்துப் பாருங்கள். ஆறு மணி நேரம். ஆற்றிலிருந்து புதிய நீர் வராவிட்டால் முழுத் தேக்கமும் ஆறு மணி நேரத்தில் காலியாகிவிடும். மாலையில் நாடு முழுவதும் விளக்கெரியும் உச்ச வேளைக்கு இது பெரும் உதவி. ஆனால் மாதக்கணக்கில் நீரைச் சேமித்து வைக்கும் இடம் அங்கே இல்லை.

அப்படியானால் மழை நின்ற பிறகும் ஜனவரி, பெப்ரவரி வறட்சியில் ஆற்றில் வரும் நீரை யார் சேமித்து வைக்கிறார்கள்? மலையின் மண்தான். ஹோர்ட்டன் சமவெளியின் கரிய மண், ஐயாயிரம் அடிக்கு மேல் எஞ்சிய காடு, தேயிலை மலைகளின் கான்கள், கவ்வாத்து வெட்டிய வாதுகளைப் பரப்பிய சரிவுகள், ஓடைக்கரையின் புல். மழையை உறிஞ்சி, மெல்லக் கசியவிட்டு, பீலியிலும் ஓடையிலும் ஆற்றிலும் கொண்டுவந்து சேர்ப்பது இவை எல்லாம் சேர்ந்து. கலிடோனியாவில் கட்டாமல் விட்ட பெரிய நீர்த்தேக்கத்தின் வேலையை இந்த மலைகள் செய்கின்றன.

ஆகவே கான் வெட்டும் தொழிலாளி இந்த நாட்டின் மின்சாரத்தைப் பராமரிக்கிறார். அவர் கானைத் தூர்வாராமல் விட்டால் மழைநீர் மண்ணோடு ஓடும். எட்டு இலட்சம் கன மீட்டர் மட்டுமே கொள்ளும் தேக்கத்தில் வண்டல் சேரும் ஒவ்வோர் அங்குலமும் மாலை நேர மின்சாரத்தைத் தின்னும். கொழும்பில் எடுக்கும் முடிவுகள் இங்கே எப்படி வந்து சேருகின்றன என்பதற்கு இரண்டு சான்று சொல்லலாம். 1960களின் பிற்பகுதியில் உருளைக்கிழங்கு இறக்குமதி தடுக்கப்பட்டதும் நுவரெலியாச் சரிவுகளில் மரக்கறித் தோட்டங்கள் விரிந்தன. விவசாயிக்கு வருமானம் வந்தது. ஆற்றுக்கு மண்ணும் உரமும் வந்தன. 2021இல் இரசாயன உர இறக்குமதி ஒரே நாளில் நிறுத்தப்பட்டது. அந்த ஆண்டு 29.9 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி அடுத்த ஆண்டு 25.1 கோடியாக விழுந்தது. கொழுந்து குறையும்போது தோட்டம் முதலில் சிக்கனம் பிடிப்பது உடனே பணம் தராத வேலைகளில். கான் வெட்டுவது அதில் ஒன்று. உரம் பற்றி எடுத்த முடிவின் விளைவு மின் நிலையத்தின் தேக்கத்தில் போய் நிற்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் மேசை இன்னும் போடப்படவில்லை.

ஊவாவில் கேட்ட எச்சரிக்கை

எல்லைக்கோட்டைத் தவறாகப் போட்டால் என்ன ஆகும் என்பதை மலைத்தொடரின் மறுபக்கம் பண்டாரவளை கண்டது. ஊவாவின் நீரைச் சுரங்கத்தால் தென்கிழக்கு உலர்வலயத்துக்குக் கொண்டுபோவது உமா ஓயாத் திட்டம். 120 மெகாவாட் மின்சாரமும் பாசனமும் அதன் இலக்கு. 2014 டிசம்பரில் சுரங்கம் துளைத்தபோது நிலத்தடி நீர் பெருக்கெடுத்து உள்ளே பாய்ந்தது. மேலேயுள்ள ஊர்களில் கிணறுகள் வற்றின. ஆயிரக்கணக்கான வீடுகளின் சுவர்கள் வெடித்தன. அணையும் சுழலியும் கணக்கில் இருந்தன. மலையின் உள்ளே ஓடிய நீரும் அதன் மேலிருந்த கிணறுகளும் உரிய இடம் பெறவில்லை. நிலையம் 2024 ஏப்ரலில்தான் திறக்கப்பட்டது. இழந்த ஆண்டுகளையும் கொடுத்த நட்டஈட்டையும் சேர்த்தால், மலையை முன்கூட்டியே முழுமையாக ஆராய்ந்திருப்பதே மலிவாக இருந்திருக்கும்.

இனி எழுத வேண்டிய வரிகள்

இந்த ஒன்றரை நூற்றாண்டிலிருந்து மூன்று பாடங்களை எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது, கணக்கு அணையிலிருந்து கீழே போகாமல் மலை உச்சியிலிருந்து தொடங்க வேண்டும். ஹோர்ட்டன் சமவெளி வனசீவராசிகள் திணைக்களத்தின் கையில். காடு வனத் திணைக்களத்தின் கையில். தேயிலை 1992இல் தொடங்கிய தனியார் தோட்டக் கம்பனிகளின் கையில். நகரக் கழிவு தலவாக்கலை–லிந்துலை நகரசபையின் கையில். அணை மின்துறையின் கையில். கீழே உள்ள நீர் மகாவலி அதிகாரசபையின் கையில். ஒரே மழை இத்தனை கைகளைக் கடக்கிறது. இவர்களெல்லாரும் ஒன்றாக அமர்ந்து போகத்துக்கு ஒருமுறை ஆராயும் ஒரு படுகைச் சபை இங்கே இருக்க வேண்டும். பொல்கொல்லவில் நெல்லும் மின்சாரமும் ஒரே மேசையில் பேச முடிந்தால், தலவாக்கலையில் தேயிலையும் காடும் மரக்கறியும் மின்சாரமும் பேச முடியும்.

இரண்டாவது, மலையின் மண்ணைக் காக்கும் வேலைக்கு ஆறு தரும் வருமானத்திலிருந்து பங்கு வர வேண்டும். மேல் கொத்மலை ஆண்டுக்கு ஏறத்தாழ 409 ஜிகாவாட் மணி மின்சாரம் தருவதற்காக வடிவமைக்கப்பட்டது. அந்த வருமானத்தில் மிகச் சிறு பகுதி கான் வெட்டவும், சரிவுகளில் புல்லும் மரமும் நடவும், ஓடைக்கரைகளைக் காக்கவும் திரும்பினால் போதும். அணையின் ஆயுளே கூடும். 1925இல் தோன்றி, பின்னர் தலவாக்கலை சென்ட் கூம்ஸில் நிலைகொண்ட தேயிலை ஆராய்ச்சி நிலையத்திடம் இந்தச் சரிவுகளைப் பற்றிய நூறாண்டு அறிவு இருக்கிறது. அது தேயிலையின் விளைச்சலுக்கு மட்டும் பயன்பட்டால் போதாது.

மூன்றாவது, எல்லாவற்றுக்கும் அடிப்படையானது. மலையில் வாழ்பவர்களுக்கு அந்த மலையில் உரிமை வேண்டும். நிலமில்லாதவரிடம் நிலத்தைக் காக்கச் சொல்வது நியாயமில்லை. 2015க்குப் பின் ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச் காணியோடு தனி வீடு என்ற கொள்கை வந்தது, அது தொடக்கமே. சரிவில் எந்த இடம் வீட்டுக்குப் பாதுகாப்பானது, எந்த இடம் காடாகவே இருக்க வேண்டும் என்பதைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு வரைபடங்களோடும் தோட்ட மக்களின் அனுபவத்தோடும் சேர்த்துத் தீர்மானிக்க வேண்டும். எந்த ஓடை எந்த மழையில் உடைக்கும், எந்தப் பீலி எந்தக் கோடையில் வற்றும் என்று அறிந்தவர்கள் அவர்கள். படுகைச் சபை அமையும் நாளில் அவர்களின் பிரதிநிதிக்கு அங்கே வாக்குரிமையோடு கூடிய இருக்கை இருக்க வேண்டும்.

கலிடோனியா நீர்த்தேக்கம் வராமல் போனதும், கிளை ஓடைகள் தப்பியதும், செயின்ட் கிளேயர் பகலில் விழுவதும் நமக்கு ஒன்றைச் சொல்லியிருக்கின்றன. மலை மக்கள் உள்ளே வந்த ஒவ்வொரு முறையும் திட்டம் சரியானதாக மாறியது. அவர்களை எதிர்ப்பாளர்களாக வாசலில் நிறுத்தி, கடைசி நேரத்தில் விட்டுக்கொடுப்பதைவிட, முதல் வரியிலேயே கணக்கெழுதுபவர்களாக அழைப்பது நாட்டுக்கு நல்லது. அடுத்த அணை எங்கே வரும் என்று இன்று தெரியாது. அது வரும்போது பின்பற்ற வேண்டிய முறை, லிந்துலையின் வரலாற்றில் எழுதப்பட்டுவிட்டது.

அடுத்த அத்தியாயத்தில் கொத்மலை அணையால் மூழ்கிய ஊர்களுக்கும், அங்கிருந்து மகாவலி வலயங்களுக்குப் போன குடும்பங்களுக்கும் என்ன நேர்ந்தது என்று பார்ப்போம்.

(தொடரும்)